காண்டலின் வேடத்தில் உரை

பழைய போர்க்களங்களைக் காதில் கருவி மாட்டிக்கொண்டு சுற்றிவரும் வழக்கம் பெருகிவிட்டது. அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் காரை விட்டு இறங்கக்கூட வேண்டாம். ஒரு மேட்டை நெருங்கியதும் கைபேசி இடமறிந்து அந்த மேட்டின் கதையைத் தானே தொடங்கிவிடும். 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போரின் சண்டையில் மாண்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் எல்லாரும் சேர்ந்து ஏறக்குறைய 51,000 பேர். அந்த மண்ணிலேயே நின்று கேட்கும்போது நமக்குக் கிடைப்பது எவ்வகை அறிவு? சைவ சித்தாந்தம் அறிவுக்கு மூன்று அளவைகளை ஏற்கிறது: காண்டல், கருதல், உரை. கண்டு அறிவது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது. போர்க்களத்து ஒலிவழிகாட்டியில் மூன்றாவது அளவை முதலாவதின் வேடத்தைப் போட்டுக்கொள்கிறது என்பதே என் வாதம்.

லிட்டில் ரவுண்ட் டாப் குன்றை எடுத்துக்கொள்வோம். ஜூலை 2 மாலை, தோட்டாக்கள் தீரும் நிலையில், மேட்டைக் காத்து நின்ற வடதரப்பின், சேம்பர்லின் தலைமையிலான 20ஆம் மெய்ன் படைப்பிரிவு துப்பாக்கிமுனைக் கத்தியோடு சரிவில் பாய்ந்து இறங்கியது. அங்கே நிற்பவர் காண்பது சரிவு, பாறை, மரங்கள். அவற்றின் அருமை குறைவல்ல. அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தால் தாக்க வந்தவனுக்கு எப்படி மூச்சு வாங்கியிருக்கும் என்று கருதல் அளவையால் ஊகிக்கலாம். ஆனால் ஆணை எந்தச் சொல்லால் பிறந்தது, வீரர்கள் ஆணை கேட்டுத்தான் இறங்கினார்களா என்பதெல்லாம் உரை. அதிலும் பெரும்பங்கு சேம்பர்லின் பின்னாளில் தாமே எழுதியது. அவருடன் நின்றவர்களில் சிலர் வேறுவிதமாக நினைவுகூர்ந்தார்கள். கால் பாறைமேல் இருப்பதால், காது கேட்டதையெல்லாம் கண் கண்ட கணக்கில் மனம் வரவு வைத்துக்கொள்கிறது.

சற்றுத் தள்ளி, செமெட்டரி ரிட்ஜ் மேட்டில், ஆபிரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் சிறு வெள்ளை வீடு இன்றும் நிற்கிறது. ஜூலை 3 அன்று தென்தரப்புத் தளபதி பிக்கெட்டின் தாக்குதல் வந்து மோதியது அந்தப் பக்கத்தில்தான். பிரையன் குடும்பம் அதற்கு முன்பே ஓடிவிட்டது. பென்சில்வேனியாவுக்குள் நுழைந்த தென்தரப்புப் படைத்தலைவர் லீயின் படையினர் கறுப்பினத்தவரைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காணலாம், அது ஏன் காலியானது என்பதைச் சுவர் காட்டாது. குரல் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் அது வெறும் வெள்ளை வீடு.

புத்தகமும் தெரிந்தெடுத்துத்தானே சொல்கிறது என்று கேட்கலாம். உண்மை. ஆனால் புத்தகம் தன்னை உரை என்று ஒளிக்காமல் வருகிறது. அதன் பக்கத்தில் இன்னொன்றை விரித்து ஒப்பிடலாம். களத்தில் மண்ணே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறது. கலிங்கத்துப்பரணியில் காளி பேய்களுக்குக் களம் காட்டும்போது பிணங்கள் அங்கேயே கிடக்கின்றன. அவள் சொல்வதைப் பேய்கள் கையோடு சரிபார்க்கலாம். நமக்கு வெட்டிச் சீராக்கிய புல்தான் மிச்சம். குரலே இல்லாவிட்டால் அந்தப் புல்லிலிருந்து எதுவும் தெரியாது என்பது புத்தகத்தைக் காட்டும் மறுப்பைவிட வலுவான மறுப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். குரலை அணைக்கச் சொல்லவில்லை. 'இதைச் சொன்னவர் இன்னார், இதை மறுத்தவர் இன்னார்' என்று நின்ற இடத்திலேயே அது சொல்லட்டும் என்கிறேன். கதையின் ஓட்டம் சற்றுத் தடைபடும், தடைபடட்டும்.

அதே கலிங்கத்தில் இன்னும் பழைய சான்று உண்டு. அசோகரின் 13ஆம் பாறைக் கட்டளை கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டதையும் சொல்லி வருந்துகிறது. சோழ பாண்டியரின் பெயரும் அதில் வருகிறது. கிர்நாரிலும் கால்சியிலும் அதை வெட்டிவைத்தார்கள். போர் நடந்த இடமாகப் பலர் நம்பும் தவுளியில் அது இல்லை. அங்கே பாறையின் தலைமாட்டில் ஒரு யானை. வருத்தத்துக்குப் பதிலாக அதிகாரிகளுக்கான தனி ஆணைகள், எல்லா மனிதரும் தம் பிள்ளைகள் என்ற அறிவிப்போடு. பூச நட்சத்திர நாள்களில் அவற்றை வாசித்துக் கேட்க வேண்டும், ஒருவரே இருந்தாலும் கேட்க வேண்டும் என்பது கட்டளை. அந்த மண்ணில் நின்று அந்தக் குரலைக் கேட்ட கலிங்கத்துக்காரர் எவருடைய காதிலும் அந்த 1,00,000 விழுந்திருக்காது.