போட்ட ஓட்டு யாருடையது?

1952-ஆம் வருஷத் தேர்தலைப் பற்றி என் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் கடைசி வரையில் சண்டை ஓயவில்லை. கடலூரை அடுத்த ஒரு கிராமத்தில் இருவரும் ஒன்றாகப் போய் ஓட்டுப் போட்டவர்கள். அப்போதெல்லாம் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். "என் கையால போட்டேன்" என்று ஆயா சொல்லும்போது, கோயில் உண்டியலில் காணிக்கை போட்டவள் மாதிரி இருக்கும்.

இருவரும் போட்டது எஸ். எஸ். ராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு. காங்கிரஸை எதிர்த்து நின்ற அந்தக் கட்சிக்குச் சட்டசபையில் 19 இடங்கள் கிடைத்தன. கடலூர் பார்லிமெண்டுத் தொகுதியும் கிடைத்தது. 375 பேர் கொண்ட சபையில் காங்கிரஸுக்கு 152 தான். 19-க்கு என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. 1954-இல் படையாட்சி காமராஜ் மந்திரிசபையில் மந்திரியானார். கட்சி காங்கிரஸில் கரைந்துபோயிற்று.

"நம்ம ஜில்லாக்காரரு மந்திரியானாரே, போதாதா?" என்பார் தாத்தா.

"ஆவட்டும். போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?" என்பாள் ஆயா.

பிற்காலத்தில் நான் சிதம்பரத்தில் குடியிருந்தபோது, பழைய புத்தகக் கடையில் வாங்கிய அமெரிக்கச் சரித்திரம் ஒன்றில் இதே வழக்கைப் பார்த்தேன். அங்கே ஜனங்கள் ஜனாதிபதிக்கு நேராக ஓட்டுப் போடுவதில்லை. தங்களுக்காகப் போடும் தேர்வாளர்களை அனுப்புகிறார்கள். 1836-இல் வர்ஜீனியா ராஜ்யம் அனுப்பிய 23 பேரும் ஜனாதிபதிப் பதவிக்குத் தங்கள் கட்சியின் வான் பியூரனுக்கே போட்டார்கள். உப ஜனாதிபதிக்கு நின்ற அதே கட்சி ஜான்சனுக்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். ஜூலியா சின் என்ற அடிமைப் பெண்ணோடு அவர் பகிரங்கமாகக் குடும்பம் நடத்தியதுதான் குற்றம்! ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து, செனட் சபை கூடி அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

அந்த 23 பேர்மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். 'அடிமைகளை வைத்திருப்பவருக்கு எங்கள் ஓட்டு இல்லை' என்று மறுத்திருந்தால்? மாலை போட்டிருப்பேன். அப்போதும் அவர்கள் மீறியது அதே வாக்கைத்தானே? எனக்குப் பிடித்த மீறல் தர்மம், பிடிக்காதது துரோகம் என்றால், நானும் தாத்தாவின் கட்சிதான். மனம் ஆயாவின் பக்கம் இருக்கிறது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேர்தலில் யாருக்குப் போட்டாய் என்று ஆயாவை ஒருமுறை கேட்டேன்.

"அத எதுக்கு உங்கிட்ட சொல்லணும்?" என்றாள்.