ஓரிக்குப் பாணர் கிடைத்தார்கள்

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் இருக்கும் ஓரி சிலைக்கு மாலை விழும். வில்வித்தைப் போட்டி நடக்கும். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் இந்த ஓரியைக் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்திய ஒரு வேட்டுவனைக் காட்டில் பாணர் கூட்டம் பார்க்கிறது. ஆள் யாரென்று சரியாகத் தெரியாமலே இசைக்கருவிகளை எடுத்துப் பாடுகிறது. பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் கூச்சப்படுகிறான். பிறகுதான் இறைச்சியும் மதுவும் பொன்னும் கொடுக்கிறான்.

பாராட்டு என்றால் எனக்கு அளவுகோல் இதுதான். செய்ததைக் கண்ணால் கண்டவர்கள், செய்தவன் எதிரில் நின்று, அவனுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அப்படியானால் காது கேளாதவரை எப்படிப் பாராட்டுவது? காது கேளாதோர் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சர்வதேசப் போட்டியில் ஆடுபவருக்கு, நன்றாகக் கேட்கும் காதிலேயே சராசரியாக 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். காதில் கருவி மாட்டியிருந்தால் களம் இறங்குமுன் கழற்றிவிட வேண்டும். விசில் ஊதிய பிறகும் ஒருவர் பந்தோடு ஓடிக்கொண்டே இருப்பார். எதிரில் நிற்பவர் கை தளர்வதைப் பார்த்துத்தான் நிற்பார். உடனே கண் நடுவரிடம் போகும். உயர்த்திய முஷ்டி என்றால் ஃபவுல், சுழலும் கைகள் என்றால் டிராவலிங். தடுத்து ஆடும்போதுதான் பெரிய சோதனை. முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரர் வழியை மறித்து ‘ஸ்கிரீன்’ போட வருகிறார் என்று கேட்கும் அணியில் கூட்டாளி கத்திச் சொல்லிவிடுவார். இங்கே அந்தக் குரல் கிடையாது. ஒரு கண் பந்திலும் ஒரு கண் தோளுக்குப் பின்னாலுமாக நாற்பது நிமிடம் ஓட வேண்டும். சிலருக்கு அது கைவந்த கலை. இடித்துக்கொள்ளாமல் நழுவி வந்து தன் ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஸ்கோர் ஷீட்டில் இதற்குப் புள்ளி இல்லை. சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க உட்கார்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நான் போயிருந்த ஒரு பரிசளிப்பு விழாவில் மைக்கில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். சைகை மொழியில் சொல்ல மேடையில் ஆள் இல்லை. யாருக்காக விழாவோ அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனின் பெயரை அழைத்தபோது யாரும் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பையன் பொன்னாடையோடு திரும்பி வரும்போது அவனுடைய அணி இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து ஆட்டியது. காது கேளாதோரின் கைதட்டல் அது. அன்று அவனுக்குப் போய்ச் சேர்ந்த பாராட்டு அது ஒன்றுதான். பேச்சாளர்கள் அவனுடைய குறையைப் பற்றித்தான் பேசினார்கள்; ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மல்யுத்த வீரர் வீரேந்தர் சிங்கை நினைத்துக்கொள்கிறேன். காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றவர். 2021 நவம்பரில் பத்மஸ்ரீ வாங்கிய கையோடு, டெல்லி ஹரியானா பவன் வாசலில் நடைபாதையில் பதக்கங்களுடன் உட்கார்ந்துவிட்டார். பாராலிம்பிக் வீரர்களுக்குத் தரும் உரிமையைக் காது கேளாத வீரர்களுக்கும் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நாட்டின் உயர்ந்த விருதுகளில் ஒன்று கையில் இருந்தும் ஒரு மனிதர் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. வெறும் விருதால் கௌரவம் முழுதாகிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆட்டக்காரருக்காவது என்றோ ஒருநாள் பொன்னாடை கிடைக்கிறது. மதுரை ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வென்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. அர்ஜுனா விருதும் வந்தது. நியாயமான கொண்டாட்டம். ஆனால் போட்டி நடத்துகிறவர்களை யார் நினைக்கிறார்கள்? மைதானம் கேட்டு அலைய வேண்டும், ஒவ்வொருவரின் கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராம் சான்றிதழையும் சரிபார்க்க வேண்டும், வெளியூர் அணிக்குத் தங்க இடமும் சாப்பாடும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வருவதற்கு முன், தொலைபேசியில் பேச முடியாத ஒருவர் ஒரு போட்டியை நடத்தி முடிப்பதற்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பார், எத்தனை பேர் வாசலில் நின்றிருப்பார்!

1924-இல் பாரிஸில் ஒன்பது நாடுகளைக் கூட்டி முதல் காது கேளாதோர் ஒலிம்பிக்கை நடத்திய யூஜின் ரூபன்ஸ்-அல்கே தானும் காது கேளாதவர்தான். அமெரிக்காவில் அக்ரன் நகரத்தில் 1945-இல் காது கேளாதோர் கூடைப்பந்துக்குத் தேசியப் போட்டி தொடங்கக் காரணமான ஆர்ட் க்ரூகரும் அப்படியே. மண்டல வாரியாகச் சங்கங்கள் மோதி, வென்றவர்கள் தேசியப் போட்டிக்கு வரும் முறை அங்கே வேரூன்றியது. க்ரூகர் இன்னொன்றும் செய்தார். காது கேளாதோர் பத்திரிகையில் பல ஆண்டுகள் விளையாட்டுப் பக்கம் எழுதி, யார் எப்படி ஆடினார் என்று பெயர் பெயராகப் பதிந்தார். அந்த மக்களுக்கு அவர் ஒரு பாணர். அவர் தொடங்கிய சங்கம் பின்னால் புகழ் மன்றம் வைத்தபோது, ஆட்டக்காரர்களோடு பயிற்சியாளர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும் இடம் ஒதுக்கியது.

நம் மாவட்டங்களிலும் இப்படிக் கௌரவிக்க முடியும். பெரிய செலவு இல்லை. விழா எடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். சைகை மொழிபெயர்ப்பாளரை மேடையில் எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்துங்கள். தேர்வுக் குழுவில் காது கேளாத மூத்த ஆட்டக்காரர் இருவரையாவது உட்கார வையுங்கள். விருதுக் குறிப்பில் விருது பெறுபவர் ஆடிய ஆட்டத்தை எழுதுங்கள். போட்டியை நடத்தியவரை ஆட்டக்காரருக்குப் பக்கத்திலேயே மேடையேற்றி, அவர் பெயரையும் அழைப்பிதழில் அச்சிடுங்கள்.