எழவுக் கொட்டும் கிட்டாரும்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் ஒரே மேடையில் ஏறினார்கள். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு அது. சாதிபேதமற்றவர்கள் என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த அடையாளத்திலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், ராக், பறை, சட்டி எல்லாம் கலந்த அவர்களுடைய ‘மகிழ்ச்சி’ ஆல்பம் அதே ஆண்டில் வந்தது. முழுக்க வடசென்னைச் சரக்கு. அதைத் தென்காசியில் இருந்துகொண்டு கேட்பதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது.

ஒரு சாரல் நாளில் குற்றாலத்துக்குக் கார் போய்க்கொண்டிருந்தது. தம்பி ஓட்டினான். முன்சீட்டில் சித்தப்பா. பாட்டு தொடங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“என்னல இது, எழவு வீட்டுக் கொட்டு மாதிரில்லா இருக்கு? மாத்துல.”

“பொறுங்க சித்தப்பா, இப்ப கிட்டார் வரும்.”

“கிட்டார் வந்தா எழவு கல்யாணம் ஆயிருமாக்கும்?”

கேலியாகச் சொன்னாலும் சித்தப்பா பேச்சில் பாதி சரி. சென்னையில் கானா சாவு வீடுகளில் விடிய விடியப் பாடி வளர்ந்த பாட்டுதான். தம்பியின் பதில்தான் எனக்கு உறுத்தியது. கிட்டார் வந்து கைதூக்கிவிட்டால்தான் பறைக்கு மரியாதை என்பது அதில் ஒளிந்திருக்கிறது. ஃப்யூஷன் என்று வருகிற பலவற்றிலும் இதே கதைதான்: பறை நடுவில் கொஞ்ச நேரம் கறிவேப்பிலையாக வந்து போகும். ‘மகிழ்ச்சி’யில் அப்படியில்லை. தாளத்தின் கடிவாளம் பெரும்பாலும் சட்டியிடமும் மோளத்திடமும் இருக்கிறது; கிட்டார் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது. ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி பாடுகிறார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தவர். அந்தக் குரலில் குழைவு தேடாதீர்கள், கிடைக்காது.

கலப்பு நமக்குப் புதிதும் இல்லை. சுடலைமாடன் கொடையில் ஒரே ராத்திரியில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்தின் மகுடம், நையாண்டி மேளம் எல்லாம் கேட்டிருக்கிறோம். இடைவெளியில் குழாய் ஸ்பீக்கரில் இளையராஜா வேறு. ஆனால் எந்த மேளம் எங்கே நிற்கும், அடிப்பவர் எதுவரை வரலாம் என்பதெல்லாம் ஊர் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கும். காதுக்குள் எல்லாம் கலந்துவிடும், களத்தில் கலக்காது. சித்தப்பாவே நையாண்டி மேளத்துக்கு முன்னால் துண்டைச் சுழற்றி ஆடுகிற ஆள்தான். அவருக்குக் கொட்டு பிடிக்காமல் இல்லை. கொட்டு அதன் இடத்தை விட்டு நகர்ந்து காருக்குள், வீட்டுக்குள் வருவதுதான் பிடிக்கவில்லை.

பேரருவியில் அன்று நல்ல கூட்டம். எண்ணெய் வழிகிற முதுகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. யார் தலையில் விழுந்த தண்ணீர் யார் காலைக் கழுவியது என்று கேட்க ஆளில்லை. இதே குற்றாலத்துக்கு 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாக காந்தி வந்தார். ஒடுக்கப்பட்டவர்கள் அருவிக்குப் போக வழியில்லை என்று தெரிந்ததும், தானும் குளிக்காமலே திரும்பினார். இன்று அருவியில் அந்தத் தடை இல்லை. காதில் இருக்கிறது என்பது என் எண்ணம். ‘நமக்கு இந்தப் பாட்டெல்லாம் ஒத்துவராது’ என்று சொல்லும்போது, அது ரசனையா, பழைய வாசற்காவலா என்று நாம் பிரித்துப் பார்ப்பதேயில்லை.

பிடிக்காமல் போவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. எனக்கே அந்த ஆல்பத்தில் சில பாட்டுகள் பாட்டாக இல்லாமல் மேடைப்பேச்சாக நின்றுவிடுவதாகத் தோன்றும். ஆனால் அது கேட்ட பிறகு சொல்கிற குறை.

இந்தச் சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் வழியில் ‘மகிழ்ச்சி’யைப் போட்டுவிடுங்கள், வீட்டுப் பெரியவர்கள் உடன் இருக்கும்போதே. மாற்றச் சொன்னால் மாற்றலாம், தப்பில்லை. ஏன் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.