கண்டுபிடித்ததற்கு என்ன விலை?

கரும்பு அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு சாலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே வர வேண்டும். இடம் கிடைத்தால் சட்டென்று முந்த வேண்டும். அப்படி முந்தும்போதுதான் என் கார் கைவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், பிக்கப் இல்லை. குலுங்குகிறது. எதிரே பஸ். பிரேக் போட்டு மறுபடி டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கியபோது கை நடுங்கியது.

கோபம் வேறு. போன வாரம்தான் வேறொரு ஊரில் இதே கோளாறுக்கு நாலு ஸ்பார்க் பிளக், ஃபியூயல் பம்ப் எல்லாம் மாற்றி ஒன்பதாயிரம் கொடுத்திருந்தேன். மூன்று நாள் வண்டி நன்றாக ஓடியது. அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காகதாலீய நியாயம் என்று இதற்குப் பழைய பெயரே உண்டு. விட்டுவிட்டு வரும் கோளாறு தானே போகும், தானே திரும்பும். இடையில் எதை மாற்றினாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும்.

ஊருக்குள் ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். பி0303.

"மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங் சார்."

"அப்போ காயில் போயிடுச்சா?"

"எங்க மிஸ்ஸாகுதுன்னுதான் இது சொல்லும். ஏன்னு சொல்லாது. இருங்க."

மூன்றாம் சிலிண்டரின் காயிலை ஒன்றாவதிலும், ஒன்றாவதன் காயிலை மூன்றாவதிலும் மாட்டினார். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். சொத்தைக் காயில் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். காயில்தான் குற்றவாளி என்றால் கோளாறும் அதோடு ஒன்றாவதற்குப் போயிருக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தோம். மறுபடியும் பி0303. பிளக்கை இடம் மாற்றினார். அதே பி0303. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் தன் தர்க்க நூலில் சொன்ன வேறுபாட்டு முறைக்கு இது ரொம்பப் பக்கம்.

இரண்டு மணி நேரம். மூன்று முறை "இன்னும் தெரியல சார்" என்றார். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல், இவருக்கு வேலையே தெரியாதோ என்று. போன வாரத்துக் கடையில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.

கடைசியில், எஞ்சின் ஓடும்போதே வயர்க் கட்டை இடம் இடமாக அசைத்தார். ஓரிடத்தில் எஞ்சின் திணறியது. மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. ஓரிரு இழைகள்தான் மிச்சம். லோடு ஏறினால் எஞ்சின் மவுண்டில் லேசாக அசையும், வயர் இழுபடும், அந்த சிலிண்டருக்கு பெட்ரோல் நிற்கும். பற்றவைத்து டேப் சுற்றினார்.

"முன்னூறு குடுங்க சார்."

டேப்புக்கா முன்னூறு என்று மனசுக்குள் ஓடியது. ஒன்பதாயிரம் கொடுத்தபோது ஓடவில்லை. அங்கே பழைய பாகங்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள், காசுக்குச் சாட்சியாக. அந்தக் கடைக்காரரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரே வந்த பஸ்ஸை நினைத்தால் மன்னிக்கவும் முடியவில்லை. ஆனால் அவர் மட்டும் 'தெரியல' என்று சொல்லியிருந்தால் நான் அடுத்த கடைக்குப் போயிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"கண்டுபிடிக்க முடியாம போயிருந்தா எவ்வளவு கேட்டிருப்பீங்க?"

"அப்போ எப்படி சார் காசு கேக்குறது?"

டாக்டர்கள் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம். ஐநூறை நீட்டினேன். அவர் இருநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியின் பானெட்டைத் திறக்கப் போனார்.