கடவுள் கேள்வியைக் கடந்து போகலாமா?

கடவுள் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று தன் வேலையைப் பார்க்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலுக்கு இத்தகையவர்கள்மேல் கடுங்கோபம். தேடித் தவித்தும் கிடைக்காதவருக்காக அவர் இரங்கினார். தேடவே தேடாதவரை அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கோபம் மிகை. உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்ற கேள்விகளுக்குப் புத்தரே விடை சொல்ல மறுத்து, துன்பம் தீரும் வழியைத்தான் காட்டினார். விடிய விடிய நோயாளியின் அருகில் கண்விழிக்கும் செவிலியருக்குக் கடவுள் பற்றிய கேள்வி எழாமலே போனாலும் அவருடைய அறத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் கேள்வியை விட்டவர், அதற்கு விடை தெரிந்ததாகச் சொல்லிப் பிறரை ஒடுக்குகிறவரையும் சேர்த்து விட்டுவிடுகிறாரே, அதை எப்படி ஏற்பது? 1924 மார்ச் 30 அன்று கேரளத்தின் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அல்ல. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், தீண்டாமையால் விலக்கப்பட்ட ஈழவரும் புலையரும் நடப்பதற்காக. அந்த ஆண்டு பெருவெள்ளத்தில் சத்தியாகிரகிகள் கழுத்தளவு நீரில் நின்றார்கள். போலீசார் படகிலிருந்து காவல் காத்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் காந்தி, விலக்கை ஆதரித்த சாதி இந்துக்களின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியிடம் பேசப் போனார். முற்பிறவி வினையால்தான் இவர்கள் இந்தச் சாதியில் பிறந்தார்கள், விலக்கு அதன் பலன் என்பது அங்கே வைக்கப்பட்ட வாதம். தன் சமயத்தின் பேரிலேயே காந்தி அதை எதிர்த்தார். அங்கே இருமுறை சிறை சென்ற பெரியாரோ பின்னாளில் கடவுளையே மறுத்தார். எதிரெதிர் முடிவுகள்தான், ஆனால் இருவருமே கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை.

கடவுளை இழுக்காமலே, நடப்பது மனித உரிமை என்று சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லலாம், அதுவே போதும். ஆனால் அக்கறையில்லை என்பவர் பெரும்பாலும் அதையும் சொல்வதில்லை. அவருக்குத் தெரு எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது. மறிக்கப்பட்டவருக்கு இந்த ஒதுங்கல் மறித்தவரின் பக்கம் சாய்ந்ததாகவே படும். அப்படிப் படுவதில் நியாயம் இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதையும் அல்ல. பட்டியல் சாதியினர் உள்ளே வருவதைப் பற்றிய தகராறில், 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அம்மன் இருக்கிறாளா என்பதில் ஒருவருக்கு எந்தக் கருத்தும் இல்லாமல் இருக்கலாம். அவள் வாசலில் யாரைத் தடுக்கலாம் என்பதில் அவர் வாய் திறந்தே ஆக வேண்டும்.