தின்ற இலை



போன மாதம் நம் பங்கில் ஒரு அம்மாவின் வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். வீடு முடிந்ததும், தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டுப்புழுக் கொட்டகையையும் மந்திரித்துவிட்டுப் போகச் சொன்னார். தீர்த்தச் செம்போடு வாசலில் கால் வைக்கப் போனேன். தடுத்துவிட்டார். "சாமி, செருப்பை வெளியவே விட்டுட்டு, அந்தத் தட்டுல காலை நனைச்சிட்டு வாங்க. கையையும் ஒரு தரம் கழுவிடுங்க." பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தக் கொட்டகைக்கு ஒரே சட்டம்தான்.

உள்ளே ஜன்னலுக்கெல்லாம் நைலான் வலை. கதவுக்கும் வலை. எதற்கு இவ்வளவு காவல் என்று கேட்டேன். அவர் ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளை உடம்பில் ஓரிடத்தில் மட்டும் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. "ஊசி ஈ முட்டை வச்சிருக்குது, சாமி. குஞ்சு உள்ள பூந்துடுச்சு."

புழு வளர்க்கிற குடும்பங்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசி ஈ வந்து புழுவைக் கடித்துக் குதறுவதில்லை. ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடுகிறது. கடைசிப் பருவத்தில் முட்டை வாங்கிய புழு மற்றப் புழுக்களோடு சேர்ந்து இலை தின்னும். கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் ஏறும். பல நேரம் கூட்டையும் கட்டி முடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கூடு. பிறகு ஒருநாள் உள்ளே வளர்ந்த ஈக்குஞ்சு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறாத ஒரே இழை இருக்கிறது. ஓட்டை விழுந்த கூட்டிலோ எங்கே தொட்டாலும் இழை அறுந்து அறுந்து வரும். பட்டுக்கூடு அங்காடிக்குப் போனால் அதைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுவிடுவார்கள்.

இன்று தவக்காலத்தின் முதல் ஞாயிறு. நற்செய்தியில் அலகை ஆண்டவரிடம் வந்த விதத்தைப் பாருங்கள். தந்தையை மறுத்துவிடு என்று அவன் ஆரம்பிக்கவில்லை. நாற்பது நாள் பசித்திருக்கிறவரிடம் அப்பத்தைப் பற்றிப் பேசுகிறான். அப்பம் பாவமா? பசிக்கிறவன் சாப்பிட நினைப்பது குற்றமா? இல்லையே. அவன் ஒட்டப் பார்த்தது அவ்வளவு சின்ன முட்டையைத்தான். இரண்டாவது முறை வரும்போது திருப்பாடலையே வாயில் வைத்துக்கொண்டு வருகிறான். கோயில் உச்சியில் நிறுத்தி, இறைவார்த்தையையே தூண்டிலாக்குகிறான். உலக அரசுகளைக் காட்டி, என்னை வணங்கு என்று கேட்பது மூன்றாவதாகத்தான்.

நம்மிடமும் அந்த வரிசையில்தான் வருகிறான். ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தால் கூடுதல் சம்பளம் என்கிறார்கள். ஊரில் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது. வயிற்றுக்காகப் போகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். மழை பொய்த்த இந்த மண்ணில் பிறந்தவர்களிடம் பசியின் மீது சட்டம் பேச எனக்கு மனம் வராது. ஆனால் மகனே, ஒரு ஞாயிறு திருப்பலி விட்டுப்போனபோது உனக்கு நெஞ்சு உறுத்தியது. பத்தாவது ஞாயிறு உறுத்தியதா? அந்த உறுத்தல் நின்றுபோன இடத்தைத்தான் நான் கேட்கிறேன்.

கைப்பேசியையும் சொல்லாமல் விட முடியாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் தாலிக்கொடி அடகுக்குப் போன வீட்டில் அந்தச் சட்டம் வந்து கண்ணீரைத் துடைக்காது. அங்கேயும் முதல் நாள் நடந்தது சின்ன விஷயம்தான்: இரவு எல்லாரும் செபமாலைக்கு உட்கார்ந்தபோது ஒருவர் மட்டும் திண்ணையிலேயே இருந்துவிட்டார்.

சரி, ஆண்டவர் எப்படித் தப்பினார்? மூன்று முறையும் அவர் சொன்ன பதில் இணைச்சட்ட நூலிலிருந்து வருகிறது: எட்டாம் அதிகாரத்தில் ஒன்று, ஆறாம் அதிகாரத்தில் இரண்டு. பாலைநிலத்தில் அவர் கையில் சுருளேடு இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. நாசரேத்தில், தொழுகைக்கூடத்தில், தாயின் மடியில் கேட்டுக் கேட்டு உள்ளே போனது அது. புழுவும் அப்படித்தானே. பழுத்து, தலையைத் தூக்கிக் கூடு கட்ட இடம் தேட ஆரம்பித்துவிட்டால் அது இலையைத் தொடாது. அதற்கு முன் தின்ற இலைதான் நூலாக வெளியே வரும். சோதனை வருகிற அந்த நேரத்தில் போய் இலை பறிக்க முடியாது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். நம் தருமபுரி தனி மறைமாவட்டமானது 1997இல்தான். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, ஊருக்குச் சாமியார் வருவதே அபூர்வமாக இருந்த நாட்களில், உபதேசியார் சொல்லிக்கொடுத்த மந்திரங்களை எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். களை எடுக்கும்போதும் உதடு அசையும். அவர்களுக்கும் பஞ்சம் இருந்தது, கடன் இருந்தது, குடித்துவிட்டு வரும் புருஷன் இருந்தார்.

"சாமி, செபிக்க உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ ஓடுகிறது, அப்படிச் செபிப்பதில் என்ன பயன்?" என்று பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியேயும் பலர் என்னைக் கேட்கிறீர்கள். எனக்கும் ஓடுகிறது. திருப்புகழ்மாலை சொல்லும்போதே மாலையில் பேச வேண்டிய ஆளின் முகம் வந்து நிற்கிறது. அவிலா நகர் புனித தெரேசா, திருச்சபை 1970இல் மறைவல்லுநர் என்று அறிவித்த முதல் பெண், இதை ஒளிக்கவே இல்லை. சில ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன் என்று தன் வரலாற்றில் எழுதிவைத்தார். ஆனாலும் எழுந்து போகவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். அதே தெரேசா 1577இல், ஆன்மாவை ஒரு மாளிகையாகப் பார்த்து எழுதிய நூலில், நம் பட்டுப்புழுவைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். அவர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான் என்கிறார். நீங்களோ தினமும் கையால் தொடுகிறீர்கள்.

அன்று இருட்டும்வரை அந்தக் கொட்டகையிலேயே நின்றேன். கடைசிப் பருவப் புழுக்கள். அந்த அம்மா மல்பெரித் தண்டுகளைப் பரப்பிவிட்டு, "பேசாம கேளுங்க சாமி" என்றார். ஓட்டுக் கூரைமேல் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்கிற சத்தம். வெளியே சாலையில் லாரி போனது, யாரோ ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். ஒரு புழுவும் தலையைத் தூக்கவில்லை.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் இணைச்சட்ட நூல் ஆறாம் அதிகாரத்தையும் எட்டாம் அதிகாரத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒரே இரவில் முடிக்க வேண்டாம், நாளுக்குக் கொஞ்சம். படிக்கத் தெரிந்த பிள்ளை படிக்கட்டும். பெங்களூரில் இருக்கிற மகனுக்கு அந்த நேரத்தில் போன் போட்டு, எடுத்தால் அவன் காதிலும் விழட்டும். எடுக்காவிட்டால் மறுநாளும் போடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதைக்கு வரும்போது எதுவரை படித்தீர்கள் என்று கேட்பேன்.

இப்போது நம்பிக்கை அறிக்கை சொல்ல எழுந்து நிற்போம்.