வெட்டுமுகம்

முக்கால் அங்குலச் சதுரம், 5 அங்குல நீளம். பேனா கடைபவர்கள் வாங்கும் மரக்கட்டையின் அளவு அவ்வளவுதான். ‘பேனா பிளாங்க்’ என்று தேடினால் இணையக் கடைகள் நூற்றுக்கணக்கில் காட்டும். கட்டையின் நடுவே 7 மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் பூட்டி, உளியால் சீவிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் குழாயைச் சுற்றி 2 மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் மரம் மிஞ்சும். ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு சுருளும் தூளுமாகத் தரைக்குப் போய்விடும். அந்த மெல்லிய மிச்சத்துக்காக மெக்சிகோவிலிருந்து சிரிகோட்டேயும், ஆப்பிரிக்காவிலிருந்து படாக்கும், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அம்போய்னா முண்டும் கடல் கடந்து மந்தைவெளியில் என் வீட்டு வாசலுக்கு வருகின்றன. இந்த ஆசையைப் பற்றி எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. சிரிகோட்டேயின் கறுப்புக் கோடுகள் உளியின் கீழ் மெல்லத் தெளிந்து வரும் அழகு, நேரம் போவது தெரியாமல் நிற்க வைக்கும் அழகு.

ஆனால் ஒரு கேள்வி விடாமல் கூடவே வருகிறது. தொடாத பொருளை, முகம் தெரியாதவரிடமிருந்து, ஒரு படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது நாம் எதை நம்பி வாங்குகிறோம்?

தமிழ்நாட்டில் பேனா கடைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி அதிகம் எழுந்திருக்காது. பாரிமுனை ஜெம் அண்ட் கோவின் ‘காமா’ பேனாக்களும், திருவள்ளூரின் ‘ரங்கா’ பேனாக்களும் பேர் வாங்கியது எபோனைட்டில். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிச் செய்த கெட்டிப் பொருள் அது. மையை உறிஞ்சாது, ஒரு முனை எப்படியோ மறுமுனையும் அப்படியே. மரம் அப்படி இல்லை. மை பட்டால் குடிக்கும். ஒரே கிளையில் அறுத்த இரண்டு துண்டுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. தொல்காப்பியத்தின் மரபியல், கெட்டியான வைரம் வெளியே இருப்பதைப் புல் என்றும் உள்ளே இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்தான். உள்ளே இருப்பதை வைத்தே மரத்தை அடையாளம் கண்ட ஊரில் இருந்துகொண்டு, வெளிப்பக்கத்தை மட்டும் காட்டும் கைபேசித் திரையைப் பார்த்து மரம் வாங்குகிறோம்.

மயிலாப்பூரில் எனக்குப் பழக்கமான தச்சர் ஒருவர் இருக்கிறார். வாங்க நினைக்கும் கட்டையின் படத்தை அவரிடம் காட்டினால் முதலில் கேட்பது இதைத்தான்: “வெட்டுன பக்கத்தக் காட்டலியே சார்? மேல எண்ணெயத் தடவுனா எந்தக் கட்டையும் பளபளன்னுதான் இருக்கும்.” உண்மைதான். ஈரத்துணியால் துடைத்தாலோ எண்ணெய் பூசினாலோ மங்கிய ரேகையும் எழுந்து நிற்கும். படமெடுக்கும்போது விற்பவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. மெருகு போட்ட பிறகு மரம் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். தி. நகரில் பட்டெடுக்கும் பெண்கள் புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பதுபோல, கட்டைக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. அதுதான் குறுக்கே அறுத்த முகம். வளையங்கள் எந்தப் பக்கம் வளைகின்றன, மரத்தின் நட்ட நடுத் தண்டு இந்தத் துண்டில் சிக்கியிருக்கிறதா, மயிரிழை வெடிப்பு உள்ளே ஓடுகிறதா, எவ்வளவு வைரம், எவ்வளவு வெள்ளை — எல்லாம் அங்கேதான் தெரியும். நடுத்தண்டு உள்ள துண்டு என்றாவது ஒருநாள் வெடிக்கும். வெட்டுமுகத்தின் படம் கேட்டு, அனுப்ப மறுத்தால் நான் வாங்குவதில்லை.

நிறத்தை நம்பவே கூடாது. படாக் அறுத்த அன்று செந்தீயாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு மாதங்களில் பழுப்பாகிவிடும். பர்ப்பிள்ஹார்ட் அறுத்தவுடன் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரிந்து, காற்றுப்பட்ட பிறகு ஊதாவாகி, பின்னர் மெல்ல மெல்லப் பழுப்புக்கே போகும். படம் என்பது மரத்தின் வாழ்வில் ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கு விலை கொடுக்கிறோமா, மீதி ஆண்டுகளுக்கா என்பது வாங்குபவர்தான் முடிவு செய்ய வேண்டியது. அந்த மங்கலும் எனக்குப் பிடித்திருப்பதால் நான் படாக் வாங்குகிறேன்.

ஈரம்தான் பெரிய வில்லங்கம். கட்டை முழுக்க மெழுகில் தோய்த்து வந்தால் பெரும்பாலும் உள்ளே இன்னும் காயவில்லை என்று பொருள். ஈரம் சட்டென வெளியேறினால் வெடிக்கும் என்பதற்காகவே மெழுகு. நன்றாகக் காய்ந்த மரத்தையும் ஊரின் காற்று விடாது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரம் தன் எடையில் 12 சதவீத அளவுக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வறண்ட நாட்டில் காய்ந்து வந்த கட்டை அடையாற்றுக் கழிமுகத்துக் காற்றில் கொஞ்சம் உப்பும். மார்கழியில் ஒருமாதிரி இருந்தது சித்திரையில் வேறுமாதிரி இருக்கும். ஆகவே வந்தவுடன் கடையக் கூடாது. மெழுகைச் சுரண்டிவிட்டு, எடைபோட்டுத் தேதியோடு கட்டையின் மேலேயே எழுதி, மின்விசிறிக் காற்று நேரே படாத அலமாரியில் வைத்து, வாராவாரம் எடை பார்க்க வேண்டும். எடை ஏறுவதும் இறங்குவதும் நின்ற பிறகே உளி. அவசரப்படுபவருக்கு இந்தக் கைவேலை ஒத்துவராது. பொறுமையை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தராசு சொல்வதைக் கேட்டால் போதும்.

சென்னையில் இன்று இணையத்தில் மரம் வாங்குபவர்களில் பேனாக்காரர்கள் மிகச் சிலர். கருங்காலி மாலை வாங்குபவர்கள்தான் ஏராளம். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பேச்சுக் கொடுத்தால் தெரியும்: ‘ஒரிஜினலா?’ என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பெயரில் இரண்டு மரங்கள் இருக்கின்றன. ஒன்று, காசுக்கட்டி காய்ச்சும் மரம். தண்ணீரில் ஊறினால் செம்பழுப்புச் சாயம் இறங்கும். மற்றது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கன்னங்கரிய எபனி. சாயம் இறங்கினால் அசல் என்று ஒருவர் சொல்வார். கறுப்பு மையில் தோய்த்த ஏதோ ஒரு கட்டையும் சாயம் இறக்கத்தான் செய்யும். பக்தியோடு வாங்குபவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எந்தச் செடியினம், எந்த ஊர் மரம் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பதிலைத்தான் நான் இப்போது எடைபோடுகிறேன். ‘ரோஸ்வுட்’ என்று பொதுவாக எழுதுபவருக்கும், தாவரவியல் பெயரோடு, எந்த நாடு, எந்த ஆண்டு அறுத்தது என்று எழுதுபவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நம் ஈட்டி மரத்தையும் சேர்த்து அந்தப் பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு தாண்டுவதற்குக் காகிதம் வேண்டும். அதைத் தெரிந்து விற்பவர் ஒருவகை, தெரியாமல் விற்பவர் வேறுவகை. “முழுதாகக் காய்ந்துவிட்டது என்று உறுதி சொல்ல முடியாது, மூன்று மாதம் வைத்திருந்து கடையுங்கள்” என்று எழுதியவரிடம்தான் நான் திரும்பத் திரும்ப வாங்குகிறேன். படம் சுமாராகத்தான் எடுப்பார்.

மரத்தை அறிந்த கைகள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. மிருதங்கத்துக்குப் பலாக்கட்டை தேர்ந்தெடுப்பவர்கள் விரலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, தூக்கிப் பார்த்துச் சொல்வார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் அந்தக் கைகளைப் பற்றியது. பெரும்பாலும் தலித் கிறித்தவர்களான அந்தக் கைவினைஞர்களின் பெயர்களைக் கச்சேரி மேடை சொன்னதே இல்லை. மார்கழியில் சபா சபாவாகப் போய் நாதத்தைப் புகழும் மயிலாப்பூர், கட்டையைத் தட்டிப் பார்த்தவரை மறந்துவிட்டது. மரத்தின் பெயர் போட்டு விற்கும் இணையக் கடையும் அதே மறதியைத்தான் செய்கிறது: விலை, நீளம், ஐந்து நட்சத்திரம், அறுத்தவர் யார் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

எது அரிய மரம் என்பதும் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. வெளிநாட்டுக் கடைகளில் நல்ல விலைக்குப் போகும் கட்டைகளில் ஒன்று, பூஞ்சை படர்ந்து கறுப்புக் கோடு விழுந்த புளியமரம். நம் கறிக்கடைகளில் இறைச்சி வெட்டும் அடிக்கட்டையும் புளிதான். அரிவாள் எத்தனை முறை விழுந்தாலும் தாங்கும் என்பதால். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அடையாறு, தி. நகர்த் தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையை அடைத்துக் கிடந்தன. அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட, நிழலுக்காக இங்கே கொண்டுவந்த அந்த மரத்தை ஹவாயில் ‘மங்கிபாட்’ என்று கிண்ணம் கடைந்து விற்கிறார்கள். இங்கே அது துண்டு துண்டாக லாரியில் ஏறிப் போயிற்று. அதில் ஒரு கட்டையையாவது எடுத்து நிழலில் உலர்த்தி வைக்க நகரத்துக்கு ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அடுத்த புயலுக்காவது இருக்கட்டும். தூரத்து மரத்தின் வெட்டுமுகத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, தெருவோரம் சாய்ந்த மரத்தின் தங்கப் பழுப்பு வைரமும் தெரிய வேண்டும்.

ஒரு மரத்தில் மட்டும் என் கேள்வி வேறு. ஆந்திரத்தின் சேஷாசலம் மலைகளையும் அதையொட்டிய காடுகளையும் சொந்த மண்ணாகக் கொண்ட செம்மரம், வேங்கைக்கும் படாக்குக்கும் உறவு. 1995 முதல் சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். கூலிக்கு வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அந்த மரமும் பேனா அளவில் விற்பனைக்கு வருவதுண்டு. அரசு ஏலத்தில் எடுத்ததாக இருக்கலாம், பட்டா நிலத்தில் வளர்த்ததாகவும் இருக்கலாம். ரேகை எப்படி, ஈரம் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. எங்கிருந்து வந்தது என்பதற்கான சீட்டைக் கேட்கிறேன். இதுவரை யாரும் காட்டவில்லை. செம்மரத்தில் நான் பேனா கடையவில்லை.